50 மீட்டர் தாளுக்கு ஒரு ஸ்கோப்: குறைந்த காசில் எதைப் பார்த்து வாங்குவது

50 மீட்டர் ரைஃபிள் குறித்தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. ஒன்பதாம் வளையம் 26.4 மி.மீ. பாயிண்ட் 22 குண்டின் விட்டம் 5.6 மி.மீ. ரைஃபிளின்மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்கக் கிளம்புகிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இவை மூன்றும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 6–24×50 (6 முதல் 24 மடங்கு, முன் லென்ஸ் 50 மி.மீ.) எல்லாம் அப்புறம்.

துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) ஒதுக்கிவிட்டு இணையக் கடையில் தேடும்போது கண் நேராகப் போவது பெரிய எண்ணுக்குத்தான். அந்தப் பணத்துக்கு 24 மடங்கு ஸ்கோப்பும் கிடைக்கும், 12 மடங்கு ஸ்கோப்பும் கிடைக்கும். ஆனால் தயாரிப்புச் செலவுக்கு எல்லை ஒன்றுதான். பெரிய லென்ஸ், நீண்ட ஜூம், விளக்கு எரியும் குறுக்குக்கம்பி என்று எல்லாவற்றையும் ஒரே விலைக்குள் திணித்தால், எங்கோ ஓரிடத்தில் கைவைத்துத்தான் ஆக வேண்டும். கைவைக்கப்படும் இடம் பெரும்பாலும் வெளியில் தெரியாத இடம்: டரெட்டின் (குறியை மேலே கீழே, பக்கவாட்டில் நகர்த்தும் குமிழ்) திருகு, உள்ளே குழாயைத் தாங்கும் ஸ்பிரிங், ஜூம் வளையத்தோடு நகரும் காடிகள். தாளில் குண்டு எங்கே விழுகிறது என்பதைத் தீர்மானிப்பவையும் அவைதான்.

இந்தப் பதிவில் குறைந்த காசு என்று சொல்வது ஸ்கோப்பை ரைஃபிளில் பிடிக்கும் ரிங், மவுண்ட் எல்லாம் சேர்த்து 600 முதல் 1,500 வெள்ளி வரை. பேசுவது மேசையில் சாய்த்தோ படுத்தோ 50 மீட்டரில் பாயிண்ட் 22, அல்லது 25 மீட்டரில் ஏர் ரைஃபிள் சுடுகிறவர்களுக்காக. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. அங்கே துளைப் பார்வைதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நம் நூர் சுர்யானி தாய்பி 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டதும் அந்தத் துளை வழியாகத்தான். ஆகவே அந்த வழியில் போக நினைப்பவர்கள் ஸ்கோப்பில் பணம் போட வேண்டாம். ரைஃபிளை மேசையில் சாய்த்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் எந்தப் பிரிவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உலக ரிம்ஃபயர், ஏர் ரைஃபிள் பெஞ்ச்ரெஸ்ட் கூட்டமைப்பின் ஸ்போர்ட்டர் பிரிவில் 6.5 மடங்குக்கு மேல் அனுமதி கிடையாது. அங்கே 24 மடங்கு ஸ்கோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று. மலேசியாவில் ஏர் ரைஃபிளும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருகிறது. உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ரைஃபிள், கிளப்பின் ஆயுத அறையில் இருக்கும்; ஸ்கோப் உங்கள் பையில் இருக்கும். கடையிலோ வீட்டிலோ மாட்டிப் பார்த்து வாங்குவது பெரும்பாலோருக்கு நடக்காத காரியம். ரைஃபிளே இல்லாமல் ஸ்கோப்பைச் சோதிக்கும் முறையைக் கீழே விரிவாக எழுதியிருப்பது அதனால்தான்.

எத்தனை மடங்கு?

கணக்கு சுலபம். 50 மீட்டரை மடங்கால் வகுத்தால், வெறுங்கண்ணுக்கு அந்தத் தாள் எவ்வளவு பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும் என்பது வந்துவிடும். 12 மடங்கில் 4.2 மீட்டர். நான்கு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் வட்டத்தின் நடுவை யாரும் பிடித்துவிடலாம். 18 மடங்கில் 2.8 மீட்டர், 24 மடங்கில் 2.1 மீட்டர். குறி பிடிக்க 12 போதும்; விழுந்த ஓட்டையையும் அதே ஸ்கோப்பில் பார்க்க வேண்டுமென்றால் 16, 18 வசதி. கறுப்புப் பகுதிக்குள் விழுந்த 5.6 மி.மீ. ஓட்டையை 12 மடங்கில் தேடுவது கண்ணுக்குச் சிரமம். அதற்கு முக்காலியில் வைக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று கிளப்பிலேயே இருக்குமானால் 12 மடங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மடங்கு ஏற ஏற நடுக்கமும் ஏறும். உண்மையில் ரைஃபிளின் ஆட்டம் மாறுவதில்லை, கண்ணில் தெரிவதுதான் பெரிதாகிறது. ஆனாலும் அதைப் பார்த்து விரல் பதறி விசையைச் சுண்டி இழுப்பது புதியவர்களிடம் மிகச் சாதாரணம். நம் ஊர் வெயிலில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. காலை பத்து மணிக்கு மேல் சிமெண்டுத் தரையும் மணல் மேடும் சூடேறிக் கானல் எழும். 24 மடங்கில் வளையங்கள் நீருக்கடியில் இருப்பதுபோல நெளியும். அதே தாளை 12க்கு இறக்கிப் பார்த்தால் சுடக்கூடிய அளவுக்கு அடங்கிவிடும். 24 வாங்கியவர்களும் பகலில் 12க்கும் 16க்கும் நடுவேதான் சுடுகிறார்கள்.

அதனால் 4–12×40, 4–16×44, 6–18×44 ஆகிய மூன்றும்தான் இந்த விலையில் தேட வேண்டிய அளவுகள். 3–9×40 விலை குறைவு. ஆனால் அதில் பேரலாக்ஸ் திருத்தம் இருப்பது அரிது, அதுதான் அடுத்த விஷயம்.

பேரலாக்ஸ்: காசு போக வேண்டிய இடம்

பள்ளியில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்த அதே விஷயம். தாளின் பிம்பமும் குறுக்குக்கம்பியும் ஸ்கோப்புக்குள் ஒரே தளத்தில் விழ வேண்டும். முன்னே பின்னே விழுந்தால், கண் கொஞ்சம் விலகினாலும் கம்பி தாளின்மேல் நகரும். ரைஃபிள் அசையவில்லை, குறி மட்டும் மாறிவிட்டது. இதைக் கண்டுகொள்ளாமல் தோட்டாவையும் மூச்சையும் குறை சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு நகரும் என்பதற்குச் சூத்திரம் உண்டு. முன் லென்ஸின் விட்டத்தை, தாளின் தூரத்துக்கும், பேரலாக்ஸ் இல்லாதபடி ஸ்கோப் பொருத்தப்பட்ட தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, பொருத்தப்பட்ட தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். வருவது அதிகபட்சப் பிழை.

வேட்டைக்காகச் செய்த சாதாரண ஸ்கோப்புகள் தொழிற்சாலையிலேயே 100 கெஜத்துக்கு, அதாவது 91.4 மீட்டருக்குப் பொருத்தப்பட்டு வருகின்றன. முன் லென்ஸ் 40 மி.மீ., தாள் 50 மீட்டரில் என்றால் பிழை ஏறத்தாழ 9 மி.மீ. பத்தாம் வளையத்தின் ஆரமே 5.2 மி.மீ.தான். கண் ஓரத்துக்குப் போனால் பத்து ஒன்பதாகிவிடும் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிகிறது. 50 கெஜத்துக்குப் பொருத்திய ரிம்ஃபயர் (பாயிண்ட் 22 வகை) ஸ்கோப்பில் அதே 50 மீட்டர் தாளுக்குப் பிழை 2 மி.மீ.க்கும் குறைவு. கையில் காசு மிகக் குறைவாக இருந்தால் அந்த வகை ஸ்கோப் ஒன்று நியாயமான தேர்வு. ஆனால் அதை 25 மீட்டருக்கோ 10 மீட்டருக்கோ கொண்டுபோக முடியாது. 100 கெஜ ஸ்கோப்பை 10 மீட்டரில் வைத்தால் பிழை 17 மி.மீ.யைத் தாண்டும், படமும் மங்கிக் கிடக்கும்.

திருத்தும் வளையம் இரண்டு இடத்தில் வரும். முன் லென்ஸைச் சுற்றி இருந்தால் ஏஓ என்பார்கள். இடப்பக்க டரெட்டில் குமிழாக இருந்தால் சைடு ஃபோக்கஸ். படுத்துச் சுடுகிறவருக்கு முன்வளையத்தை எட்டித் திருப்புவது தொல்லைதான், இருந்தாலும் ஒரே தூரத்தில் சுடுகிறவர் ஒருமுறை திருப்பினால் போதும். அமைப்பு எளிது, விலையும் குறைவு. இந்த விலைக்குள் ஏஓ என்றாலே இரண்டாம் தரம் என்று ஒதுக்க வேண்டாம். குறைந்தபட்சத் தூரம் 10 கெஜம் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஏர் ரைஃபிளுக்கும், வீட்டுக்குள் சோதிப்பதற்கும் அது வேண்டும்.

வளையத்தில் பொறித்திருக்கும் தூரத்தை நம்ப வேண்டாம். 50 என்ற இடத்தில் நிறுத்தினால் உண்மையில் 40ஆகவும் இருக்கலாம், 65ஆகவும் இருக்கலாம். சரியான முறை: போல்ட்டைக் கழற்றி, ரைஃபிளை மணல் பைகளில் அசையாமல் வைத்து, கட்டையில் கன்னம் படாமல் கண்ணை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்துங்கள். கம்பி தாளோடு ஒட்டி நிற்கும் இடம் வரும்வரை வளையத்தைத் திருப்புங்கள். எப்போதும் முடிவிலி முனையிலிருந்து ஒரே திசையில் திருப்பி வர வேண்டும், ஏனென்றால் மலிவு ஸ்கோப்புகளில் திருகுக்கும் மரைக்கும் நடுவே இடைவெளி உண்டு. நின்ற இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டியது கண் லென்ஸின் ஃபோக்கஸ். சூரியனுக்கு எதிர்ப்பக்க வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்து, கம்பி கறுப்பாகக் கூர்மையாகத் தெரியும்வரை பின்பக்க வளையத்தைத் திருப்புங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தால் மங்கலைக் கண்ணே சரிக்கட்டிக்கொள்ளும், பிறகு அளவு பிசகும். கண்ணை எடுத்துத் தூரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வாருங்கள். இதைச் செய்யாமல் பேரலாக்ஸ் வளையத்தால் படத்தைக் கூர்மையாக்கினால், படம் கூர்மையாகவும் பிழை அப்படியேயும் இருக்கும்.

டரெட்டும் கிளிக்கும்

டரெட்டைத் திருப்பும் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்; எம்ஓஏ, மில் இரண்டும் அதன் கோண அளவுகள். கால் எம்ஓஏ கிளிக் 50 மீட்டரில் 3.6 மி.மீ. நகர்த்தும். எட்டில் ஒரு பங்கு எம்ஓஏ என்றால் 1.8 மி.மீ. 0.1 மில் கிளிக் 5 மி.மீ. பத்தாம் வளையத்தில் பாதி தூரத்தை ஒரே கிளிக்கில் தாண்டும் 0.1 மில் டரெட் 50 மீட்டர்த் தாளுக்குக் கொஞ்சம் முரடு. நெடுந்தூரம் சுடுகிறவர்கள் மில்லைத்தான் விரும்புவார்கள், அவர்கள் காரணம் வேறு. நமக்குக் கால் எம்ஓஏ போதும். எட்டில் ஒரு பங்கு கிடைத்தால் நல்லது, ஆனால் இந்த விலையில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

கிளிக் சத்தமாகக் கேட்கிறது, விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பது வேறு. சொன்ன அளவு நகர்கிறது என்பது வேறு. சத்தம் வருவது டரெட்டின் பல்லிலிருந்து. நகர்த்துவது உள்ளே இருக்கும் திருகு, எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளிப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங். உள்ளே இறுக்கும் திசையில் திருப்பும்போது திருகே குழாயைத் தள்ளுவதால் நகர்வு உறுதி. வெளியே தளர்த்தும்போது ஸ்பிரிங்தான் குழாயைத் துரத்தி வர வேண்டும். அது சோம்பலாக இருந்தால் இரண்டு கிளிக் திருப்பினாலும் குண்டு அதே இடத்தில் விழும், அடுத்த இரண்டு வெடியின் அதிர்வில் திடீரென்று நகர்ந்துவிடும். ‘ஸ்கோப் தானாக அலைகிறது’ என்பதன் பொருள் அநேகமாக இதுவே. மருந்து எளிது: தளர்த்தும் திசையில் போக வேண்டியிருந்தால் எட்டுக் கிளிக் கூடுதலாகப் போய், இறுக்கும் திசையில் எட்டுக் கிளிக் திரும்பி வாருங்கள்.

டரெட்டின் எல்லைக்குப் பக்கத்தில் ஸ்கோப்பை வேலை வாங்குவதும் கூடாது. ஸ்பிரிங் ஒரு பக்கம் நசுங்கியோ மறுபக்கம் தளர்ந்தோ போய்விடும், படமும் ஓரத்து லென்ஸ் வழியாக வருவதால் தரம் குறையும். ஜீரோ செய்ய, அதாவது குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்ய, நடுவிலிருந்து முப்பது எம்ஓஏ போக வேண்டியிருந்தால் பிசகு மவுண்டில் இருக்கிறது.

குறுக்குக்கம்பி முதல் தளத்திலா (ஜூம் லென்ஸுக்கு முன்னால்) இரண்டாம் தளத்திலா (அதற்குப் பின்னால்) என்ற விவாதத்துக்கு இங்கே அதிக வேலை இல்லை. தூரம் தெரிந்த தாளுக்கு இரண்டாம் தளம்தான். முதல் தளத்தில் ஜூம் ஏறும்போது கம்பியும் சேர்ந்து தடிக்கும், 0.05 மில் தடிமனுள்ள கோடு எந்த ஜூமிலும் 50 மீட்டரில் 2.5 மி.மீ.யை மறைத்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் தளத்தில் ஜூம் ஏற ஏறக் கோடு தாளின்மேல் மெலியும். நடுவில் சிறு புள்ளி அல்லது மெல்லிய சிலுவை போதும், மரம்போல் கிளைவிட்ட அளவுகோடுகள் வேண்டாம். எரியும் விளக்கும் வேண்டாம். அந்தக் காசு மிச்சம்.

முன் லென்ஸ் 50 மி.மீ. இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று விற்பார்கள். லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 12 மடங்கில் 40 மி.மீ. லென்ஸ் 3.3 மி.மீ. தருகிறது. நல்ல பகலில் நம் கண்மணி திறந்திருப்பது 2 முதல் 3 மி.மீ. வரைதான். மிச்ச ஒளி கண்மணிக்கு வெளியே விழும். பெரிய லென்ஸ் வாங்கினால் உயரமான ரிங் வேண்டும், உயரமான ரிங்குக்குக் கன்னம் கட்டையில் படியாது, கன்னம் படியாவிட்டால் கண் அலையும். கண் அலைந்தால் மறுபடி பேரலாக்ஸ். 30 மி.மீ. குழாயும் அப்படித்தான்: டரெட் நகரும் எல்லையை அது கூட்டும், வெளிச்சத்தைக் கூட்டாது. 50 மீட்டருக்கு ஒரு அங்குலக் குழாயே தாராளம்.

இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து வரும் மாடல்களுக்கு உதாரணம் சொல்வதென்றால் ஹாக் வான்டேஜ் 4–12×40 ஏஓ, வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 வரிசையில் 6–18×44 ஏஓ. இரண்டுமே ஒரு அங்குலக் குழாய், இரண்டாம் தளம், கால் எம்ஓஏ, 10 கெஜத்திலிருந்து பேரலாக்ஸ். இவைதான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேறு எதை எடுத்தாலும் இந்த நான்கு விவரமும் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிளில் மாட்டுவதாக இருந்தால் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும். அந்த ரைஃபிள் முதலில் பின்னும் உடனே முன்னும் உதைக்கும். பின்னால் மட்டும் உதைக்கும் துப்பாக்கிக்கென்று கட்டிய ஸ்கோப்பின் உள்ளே அது லென்ஸையே பெயர்த்துவிடும். அழுத்தக் காற்றுத் தொட்டி வைத்த ரைஃபிளுக்கும் பாயிண்ட் 22க்கும் அந்தக் கவலை இல்லை.

வீட்டிலேயே சோதிப்பது

வரிசை வீட்டில் முன்வாசலிலிருந்து சமையலறைப் பின்சுவர் வரை 10 மீட்டர் பெரும்பாலும் கிடைக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பொது நடைபாதையில் இதைச் செய்ய வேண்டாம், சன்னல் வழியாக எதிர் கட்டடத்தைப் பார்க்கவும் வேண்டாம். ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தவரைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் காவல்துறையைக் கூப்பிடுவது இயல்பு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே செய்யுங்கள்.

கனமான பலகையில் ஒரு துண்டு ரயிலை (ரிங் பிடித்துக்கொள்ளும் உலோகப் பட்டை) வைத்துத் திருகி, ஸ்கோப்பை ரிங்கோடு அதில் மாட்டி, பலகையைக் கனத்த மேசையில் இரண்டு ஜி கிளாம்ப்பால் இறுக்குங்கள். எதிர்ச் சுவரில் மில்லிமீட்டர்க் கட்டமுள்ள வரைபடத் தாள். முன் லென்ஸிலிருந்து தாளுக்கு 10 மீட்டரை நாடாவால் அளந்து வையுங்கள். இந்தத் தூரத்தில் கால் எம்ஓஏ கிளிக் 0.73 மி.மீ.; நாற்பது கிளிக்குக்கு 29 மி.மீ. 12 மடங்கில் அரை மில்லிமீட்டர் வரை கண்ணால் பிரித்துப் பார்க்க முடியும்.

கண் லென்ஸ், பேரலாக்ஸ் இரண்டையும் சரிசெய்த பிறகு முதலில் ஜூம் சோதனை. கம்பியின் நடுப்புள்ளியை ஒரு கட்டத்தின் மூலையில் வைத்து, ஜூமை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் திருப்புங்கள். நடுப்புள்ளி ஒரு மில்லிமீட்டருக்குமேல் நகர்ந்தால் 50 மீட்டரில் அது ஐந்து மில்லிமீட்டர். மலிவு ஜூம் ஸ்கோப்பில் கொஞ்சம் நகர்வு இருக்கத்தான் செய்யும். ஒரே மடங்கில் வைத்து ஜீரோ செய்து அங்கேயே சுட்டால் அது பாதிக்காது. ஒரே மடங்குக்குத் திரும்பி வரும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

அடுத்து சதுரம். நாற்பது கிளிக் மேலே, நாற்பது வலப்பக்கம், நாற்பது கீழே, நாற்பது இடப்பக்கம். ஒவ்வொரு மூலையிலும் நடுப்புள்ளி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்று போதும். பக்கம் 29க்குப் பதில் 28 அல்லது 30 வந்தால் பரவாயில்லை, இவ்வளவு கிட்டத்தில் அளவுப் பிழைக்கு இடம் உண்டு. தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராமல் ஒரு கிளிக்குக்குமேல் விலகி நின்றால் அது ஸ்கோப்பின் குறை. மேலே போகும்போது நடுப்புள்ளி பக்கவாட்டிலும் சாய்ந்து போனால், கம்பி கட்டத்தோடு நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பி நேராக இருந்தும் சாய்ந்தால் கம்பியே உள்ளே கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது.

கடைசியாக, டரெட்டைப் பத்துக் கிளிக் தளர்த்தும் திசையில் திருப்பி, திருப்புளியின் மரக் கைப்பிடியால் டரெட்டின் பக்கத்தில் மெதுவாக இரண்டு தட்டு. தட்டியதும் புள்ளி குதித்தால் ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் செய்துவிட வேண்டும். இணையக் கடையில் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்து வையுங்கள். பிரபலமான பெயர்களில் போலிகள் உலவுகின்றன. தொடர் எண் இல்லாதது, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்தது இரண்டும் போதுமான அறிகுறி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் கிளப் செயலாளரிடமும் காவல் நிலையத்தின் உரிமப் பிரிவிலும் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் ரைஃபிள் ஸ்கோப் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்குள்ள பல கடைகள் நம் முகவரிக்கு அனுப்பாது. உள்ளூர் முகவரிடம் நூறு வெள்ளி கூடக் கொடுத்து வாங்கினால் உத்தரவாதத்துக்குக் கடல் தாண்டி அனுப்பும் செலவு மிச்சம்.

மாட்டுவது

பாயிண்ட் 22, ஏர் ரைஃபிள் பலவற்றில் 11 மி.மீ. புறாவால் வடிவ ரயில் இருக்கும், சிலவற்றில் பிக்காட்டினி (குறுக்கே காடி வெட்டிய அகலமான ரயில்). ரயிலைப் பார்க்காமல் ரிங் வாங்க வேண்டாம். ரிங்கின் உயரம், மூடியோடு சேர்த்து முன் லென்ஸுக்கும் ரைஃபிள் குழலுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும் அளவுக்குத் தாழ்வாக.

கீழ்ப்பாதி ரிங்குகளில் ஸ்கோப்பை வைத்துப் பாருங்கள். எதையும் இறுக்காமலே ஆடாமல் முழுக்க அமர வேண்டும். ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றால் ரிங்குகள் ஒரே கோட்டில் இல்லை. அப்படியே இறுக்கினால் குழாய் வளையும், டரெட் ஒழுங்காக நகராது. மூடித் திருகுகளைக் குறுக்கு வரிசையில், கால் சுற்றுக் கால் சுற்றாக, இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி. இறுக்கம் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். சைக்கிள் கடையில் கிடைக்கும் டார்க் சாவிகள் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவிகள்) பல 2லிருந்துதான் தொடங்குகின்றன, அடிமட்டத்தில் அவை துல்லியமாக இருக்காது. அங்குல-பவுண்டு அளவுள்ள திருப்புளி வகையில் 15 முதல் 18 வரை வையுங்கள். மூடித் திருகுகளுக்குப் பசை வேண்டாம். இறுக்கிய பிறகு ஜூம் வளையமோ பேரலாக்ஸ் குமிழோ முன்பைவிடக் கனத்துப் போனால் ரிங் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, அல்லது தவறான இடத்தில் பிடிக்கிறது.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தை அதிகபட்ச மடங்கில் வைத்து, உண்மையில் சுடும் நிலையில் உட்கார்ந்தோ படுத்தோ பாருங்கள். கண்ணை மூடிக் கன்னத்தை வைத்து, திறந்ததும் படம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

சாய்வை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விநாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பாயிண்ட் 22 குண்டு 50 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 12 செ.மீ. இறங்குகிறது. அந்த இறக்கத்தை ஈடுகட்டத்தான் குழல் கொஞ்சம் மேல் நோக்கி இருக்கிறது. ரைஃபிள் பக்கவாட்டில் 3 பாகை சாய்ந்தால் அந்த ஈடு பக்கவாட்டில் திரும்பி, குண்டு 6 மி.மீ. விலகும். பத்தாம் வளையத்தின் ஆரத்தைவிட அதிகம். காற்று என்று நினைத்துக் கிளிக் திருப்புவார்கள், காரணம் சாய்வாக இருக்கும். குழாயில் மாட்டும் சின்னக் குமிழ் மட்டம் ஐம்பது அறுபது வெள்ளிக்குள் வரும், வாங்கிவிடுங்கள். அதைப் பொருத்த, 50 மீட்டரில் ஒரு கயிற்றில் கனமான நட்டைத் தொங்கவிட்டு, ரைஃபிளைத் தண்ணீர் மட்டத்தால் நேராக்கி, நிமிர்ந்த கம்பியைக் கயிற்றோடு ஒட்டவைத்து, பிறகு ரிங்கை இறுக்கிக் குமிழை நடுவில் நிறுத்துங்கள். இறுக்கும்போது ஸ்கோப் சுழலும், கயிற்றை மறுபடி பாருங்கள்.

நம் ஊர் ஈரம்

ஏர்கண்டிஷன் போட்ட காரில் 20 பாகையில் இருந்த ஸ்கோப்பைக் கோலாலம்பூர்க் காற்றில் வெளியே எடுத்ததும் லென்ஸ் பனித்துவிடும்; இங்கே காற்றிலுள்ள ஈரம் 23, 24 பாகையிலேயே நீராகப் படியத் தொடங்கும். துடைத்தால் மறுபடி பனிக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிக்காற்றில் விட்டால் பிரச்சினை இல்லை. நைட்ரஜன் நிரப்பிய ஸ்கோப் என்றால் உள்ளே பனிக்காது என்பதுதான் பொருள், வெளிக்கண்ணாடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பூஞ்சைதான் பெரிய எதிரி. துணிப்பையில், அலமாரியில், ரைஃபிள் உறையில் வைத்த ஸ்கோப்பில் சில மாதத்தில் லென்ஸ் ஓரமாக நூல்போல் கிளம்பும். பூச்சை அரித்துவிட்டால் அதைச் சரிசெய்யும் செலவு புது ஸ்கோப்பின் விலைக்கு வந்துவிடும். கேமராக் கடைகளில் விற்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. நிறம் மாறியதும் ஜெல்லைக் காயவைக்க வேண்டும், அதை மறந்தால் பெட்டியே ஈரத்தைப் பிடித்துவைக்கும். வியர்வை பட்ட லென்ஸை டீசட்டையால் துடைக்காதீர்கள். முதலில் ஊதி, பிறகு லென்ஸ் தாளில் ஒரு சொட்டுத் திரவம். பழையது வாங்குகிறவர்கள் கைவிளக்கை முன்னாலிருந்து சாய்வாக அடித்து, பின்பக்கமாகப் பார்த்தால் பூஞ்சை இருந்தால் தெரிந்துவிடும்.

கிளப் ரைஃபிளில் ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்றுகிறவர்கள் ஸ்கோப்பை ரிங்கிலிருந்து எடுக்க வேண்டாம். ரிங்கோடு சேர்த்து ரயிலிலிருந்து கழற்றுங்கள். ரயிலில் ரிங் நின்ற இடத்தை மெல்லிய பென்சில் கோட்டால் குறித்து, மாட்டும்போது முன்பக்கம் தள்ளிப் பிடித்து, அதே டார்க்கில் இறுக்குங்கள். டரெட்டின் எண்களையும் ரைஃபிளின் எண்ணையும் தோட்டாவின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். மாட்டியதும் ஐந்து குண்டு சோதனைத் தாளில். குரூப்பின் (ஐந்து ஓட்டைகளும் சேர்ந்த கூட்டத்தின்) நடு ஒன்றிரண்டு கிளிக் விலகியிருக்கும், அதைத் திருத்திவிட்டுப் போட்டித் தாளுக்குப் போகலாம். பத்துக் கிளிக் விலகியிருந்தால் டரெட்டைத் தொடாதீர்கள், மவுண்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.